பதினான்கு மாத அரசனும் மூன்று நிமிட மணியும்

தம்பி, பிள்ளை, இரண்டு பேரும் இதை ஒன்றாக இருந்து வாசியுங்கள். ஒருவர் வாசித்துவிட்டு மற்றவருக்கு ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்ல வேண்டாம். நீங்கள் சுருக்கினால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். "அப்பா சொறி சொல்லுறார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். நான் மன்னிப்புக் கேட்க மட்டும் இதை எழுதவில்லை. எரிச்சலிலும்தான் எழுதுகிறேன். ஒருவருடைய பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. அந்த அரசனுடைய பெயரையும் எழுதமாட்டேன். பிள்ளைக்கு அது நல்லாகத் தெரியும். எனக்கு அது கடைசிவரைக்கும் வாயில் ஒழுங்காக வரவில்லை.

அந்த வருடம் பிள்ளைக்கு எட்டு வயது, அவளுடைய அண்ணாவுக்கு, நான் தம்பி என்று கூப்பிடுகிறவனுக்கு, பதினேழு. பள்ளிக்கூடத்தில் ரோமர்களைப் பற்றிப் படிப்பித்தார்கள். பிள்ளையின் வகுப்பை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்ப் பழைய நாணயங்களைக் காட்டினார்கள். ஒரு நாணயத்தில் தாடி வைத்த ஒருவன் இருந்தான். அவனைப் பற்றித்தான் பிள்ளை அதற்குப் பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்தாள். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, குசினிக்குள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ரோமுக்கு ஒரு ராஜா இருந்தவர். ஆப்பிரிக்காவில இருந்து வந்தவர். அவருக்கும் உங்கள மாதிரிக் காதில ஓட்டை இருந்ததாம்."

"எந்தக் காதில?"

"ஒரு காதில. எந்தக் காது எண்டு புக்கில இல்லை. பெரிய ஆக்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிச்சவையாம்."

அம்மா அடுப்படியில் நின்று சொன்னா: "இஞ்சேருங்கோ, லண்டனுக்கு வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு உங்களுக்கும் ஒரு சொந்தக்காரன் அம்பிட்டிட்டான்."

எனக்குச் சின்ன வயதில் நேர்த்தி வைத்துக் காது குத்தியது உங்களுக்குத் தெரியும். ஒன்று தூர்ந்துபோய்விட்டது. மற்றது இன்னும் ஓட்டையாகத்தான் இருக்கிறது. பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கும்போது அதைப் பார்த்துச் சிலர் பகிடி விட்டிருக்கிறார்கள். அதனால் அந்த அரசனை எனக்கும் பிடித்துப்போனது. ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் போகும். ஆனாலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையோடு இருந்து அந்தப் புத்தகத்தை ஒரு கிழமையில் வாசித்து முடித்தேன்.

கதை இதுதான். இப்போது அல்ஜீரியா என்று சொல்கிற நாட்டின் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் பிறந்தவன் அவன். பெரிய குடும்பம் இல்லை. சட்டம் படித்து, ஒவ்வொரு படியாக ஏறி, பேரரசனுடைய காவல்படைக்குத் தலைவன் ஆனான். ஒருநாள் பேரரசனை வழியில் வைத்து ஒருவன் குத்திக் கொன்றுவிட்டான். அதில் இவனுக்கும் கை இருந்தது என்கிறார்கள். அடுத்த சில நாளில் படை இவனையே பேரரசன் ஆக்கியது. உயர்குடி மன்றத்தில் இருக்காத ஒருவன் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவையாம். பதினான்கு மாதம் ஆண்டான். ஆண்டான் என்று சொல்லுகிறேனே தவிர, அந்தப் பதினான்கு மாதத்தில் அவன் ஒருநாள்கூடத் தலைநகரத்துக்குள் கால் வைக்கவில்லை. கிழக்கே இருந்த அரசோடு சண்டை. அதில் வெல்ல முடியாமல் காசு கொடுத்துச் சமாதானம் வாங்கினான். புதிதாகச் சேருகிற படைவீரர்களுக்குச் சம்பளத்தைக் குறைக்கப் போய், படை அவனுக்கு எதிராகத் திரும்பியது. பழைய அரச குடும்பத்தில் இருந்து பதினான்கு வயதுப் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் எங்கள் அரசன் என்றார்கள். சண்டையில் இவன் தோற்றான். தலையையும் தாடியையும் வழித்துவிட்டு, தூதுக்காரன் மாதிரி வேஷம் போட்டு ஓடினான்.

ஓடுவதற்கு முன் ஒரு வேலை செய்தான். பத்து வயதான தன் மகனை, நம்பிக்கையான சிலரின் கையில் கொடுத்து, எல்லைக்கு அப்பால் இருந்த அந்தக் கிழக்கு அரசனிடம் அனுப்பினான். எதிரியாக இருந்தவன்தான். ஆனாலும் அங்கே போனால் பிள்ளை தப்பும் என்று நினைத்தான்.

அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது பிள்ளை கேட்டாள்: "அப்பா, அவர் ஏன் மகனைத் தன்னோட கூட்டிக்கொண்டு போகேல்ல? அவர் பாட் அப்பாவோ?"

நான் புத்தகத்தை மூடிவிட்டு, பல் தீட்டிவிட்டுப் படுக்கச் சொன்னேன்.

பிள்ளைக்கு அப்போது தெரியாது. இப்போது தெரிந்துகொள். நீ பிறப்பதற்கு முன், நான் இங்கே தனியாக இருந்த காலத்தில், அம்மாவும் அண்ணாவும் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன், தாய்க்குப் பாஸ்போட் சரிவர நாள் செல்லும், பெடியனை ஒரு புருசன் பெண்சாதியோடு அவர்களுடைய பிள்ளை மாதிரி முதலில் அனுப்பலாம் என்றான். அம்மாவுக்கு விருப்பம் இல்லை. தொலைபேசியில் நான்தான் "அனுப்பு" என்று சொன்னேன். அண்ணாவுக்கு அப்போது ஏழு வயது. கூட்டிப்போன ஆட்கள் பாங்கொக்கில் அவனை வேறு யாரிடமோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான்கு மாதம் அவன் அங்கே ஒரு வீட்டில் கிடந்தான். எப்போது தொலைபேசி எடுத்தாலும் ஏஜென்சிக்காரன் "பெடியன் சுகமா இருக்கிறான், யோசிக்காதேங்கோ" என்பான். நடுவில் பத்தொன்பது நாள் அவனுடைய இலக்கமும் வேலை செய்யவில்லை.

தம்பி, நீ அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. பதின்மூன்று வயதில் ஒரேயொரு முறை, உன் கைத்தொலைபேசியை நான் பறித்து வைத்தபோது சொன்னாய்: "நீங்கள்தானே என்னைப் பார்சல் மாதிரி அனுப்பினீங்கள். இப்ப என்ன அக்கறை?" அம்மா உன்னை ஏசினா. நான் தொலைபேசியைத் திருப்பித் தந்தேன். நீ அதை வெற்றி என்று நினைத்திருப்பாய்.

அதனால்தான் அந்தப் புத்தகம் வாசித்த வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு "நான் அறிந்த மன்னர்" என்று தலைப்பு வந்தபோது, பிள்ளை அந்த அரசனைப் பற்றித்தான் பேசுவேன் என்று நின்றதும் நான் மறுக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளையின் பேச்சைத் தாய் தகப்பன்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம். பிள்ளைகள் அதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்குவார்கள். நான் யோசித்தேன்: கடைசி வசனங்களை நான் எழுதுவேன், தங்கச்சி மேடையில் சொல்லுவாள், தம்பி கீழே இருந்து கேட்பான். நேரே சொல்ல முடியாததை அப்படியாவது சொல்லிவிடலாம். கோழைத்தனம்தான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தமிழ் ரீச்சருக்கு அந்த அரசனையே பிடிக்கவில்லை.

"ஆப்பிரிக்கா ராஜாவோ அண்ணை? எங்கட மன்னர்மார் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?"

"அறிந்த மன்னர் எண்டுதானே ரீச்சர் தலைப்பு."

"அது சரி. தமிழுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? நடுவர்மார் அதைத்தான் பாப்பினம். போன வருசமும் உங்கட மகளுக்கு ஒண்டும் கிடைக்கேல்ல. பிறகு என்னில குறை சொல்லக் கூடாது."

அந்தக் கடைசி வசனம் என்னைச் சுட்டது. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவன். அங்கே வருகிற மற்றத் தகப்பன்மார் டொக்டர், எக்கவுண்டன் என்று இருக்கிறார்கள். பரிசு பெற்ற பழைய பேச்சுகளை நாலு பேரிடம் வாங்கி வாசித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் இருந்தன. முதலில் தமிழ்த்தாய்க்கு வணக்கம். பிறகு தலைவர், பள்ளிக்கூட அதிபர், நடுவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், சக மாணவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அடைமொழியோடு வணக்கம். நானும் அப்படியே எழுதினேன். அதிபருக்கு மட்டும் மூன்று அடைமொழி போட்டேன். தமிழ்த் தொடர்புக்கு, ரோமாபுரிக் கப்பல்கள் எங்கள் கரைகளுக்கு வந்து மிளகு ஏற்றிப்போன கதையை ஒரு பந்தியாகச் சேர்த்தேன்.

பிள்ளை முகத்தைச் சுளித்தாள். "அப்பா, மிளகு ஏன்? அவர் மிளகு விக்கேல்லையே."

"அது பேச்சுக்கு அழகு பிள்ளை."

"மகன்ட கதைதான் நல்லது. அது லாஸ்டில கொஞ்சூண்டு இருக்கு."

"கடைசியில சொன்னால்தான் ஆக்களுக்கு மனசில நிக்கும்."

இரண்டு கிழமை பழகினோம். குசினி மணிக்கூட்டைப் பார்த்து நான்தான் நேரம் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்துக்குள் கச்சிதமாக முடிந்தது. இப்போது சொல்லுகிறேன், இரண்டு பேரும் சிரிக்காதீர்கள். வணக்கம் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் நான் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவேன். வணக்கம் சொல்வது மரியாதை, பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். மரியாதைக்கு யாராவது நேரம் பார்ப்பார்களா?

பார்க்கிறார்கள்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அம்மா ஒரு பெரிய சட்டியில் ரோல்ஸ் செய்துகொண்டு வந்திருந்தா. தம்பி வரமாட்டேன் என்றவன், ரோல்ஸுக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பின்வரிசையில் பாட்டுக் கேட்கிற வயரைக் காதில் செருகிக்கொண்டு இருந்தான். மேடைக்குக் கீழே ஒரு மேசை. அதில் நேரம் பார்க்கிற அண்ணை, கையில் பித்தளை மணி. இரண்டரை நிமிடத்தில் ஒரு தரம் அடிப்பார். மூன்றில் இரண்டு தரம் அடிப்பார். அத்தோடு நிறுத்த வேண்டும்.

பிள்ளை ஏறினாள். வணக்கங்களைப் பிசகாமல் சொன்னாள். அதிபருடைய மூன்று அடைமொழியையும் சொன்னபோது கைதட்டினார்கள். கைதட்டி முடியும்வரை அவள் நின்றாள். நான்தான் அப்படி நிற்கப் பழக்கினேன். மிளகுக்கும் கைதட்டினார்கள். பிறகு அரசன் வந்தான். ஒற்றைக் காது குத்திய கதைக்குச் சிரிப்பு எழும்பியது. அவன் தலைநகரத்தையே பாராமல் ஆண்டதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முதல் மணி அடித்தது. இது பிழையான மணி, இந்த மனிசன் பிழையாக அடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். கெதியாகப் பேசு என்று கை காட்டினேன். அவள் வேகம் எடுத்தாள். சம்பளம், சண்டை, தாடி வழித்தது எல்லாம் ஒரே மூச்சில் போயின.

"தோற்ற அந்த நாளில் அவன் தன் மகனை நம்பிக்கையானவர்களின் கையில் கொடுத்து..."

பின்வரிசையில் தம்பி ஒரு காதிலிருந்து வயரைக் கழற்றியதை நான் கண்டேன். சத்தியமாகக் கண்டேன்.

மணி இரண்டு தரம் அடித்தது.

பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள். சொல்வழி கேட்கிற பிள்ளை. மணி அடித்தால் நிறுத்து என்று நான் சொல்லி வைத்திருந்தேன். "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கடைசியிலும் ஒரு வணக்கம்.

நான் எழும்பி நேராக அந்த மேசைக்குப் போனேன்.

"அண்ணை, அரை நிமிசம் விட்டிருக்கலாமே. பிள்ளை வசனத்தின்ர நடுவில நிண்டது."

"மூண்டு நிமிசம் எண்டால் மூண்டு நிமிசம் அண்ணை. எல்லாருக்கும் ஒரு சட்டம்தான்."

"கைதட்டின நேரத்தையும் எல்லோ எண்ணிப்போட்டியள்?"

"அதிபருக்கு அவ்வளவு பட்டம் குடுத்தால் சனம் கைதட்டாமல் என்ன செய்யும்? நான் மணிக்கூட்டை நிப்பாட்டேலுமோ?"

பக்கத்தில் நடுவராக இருந்த பெண்மணி மலேசியாக்காரர். அவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "கோவிச்சுக்காதீங்க சார். உங்க பொண்ணு நல்லாவே பேசுச்சு. ஆனா அந்த ராஜாவுக்குக் கடைசில என்னாச்சுன்னே தெரியலையே" என்றார். எனக்கு அழவும் முடியவில்லை, அவரோடு கோபிக்கவும் முடியவில்லை. சொல்லவேண்டிய ஆள் பின்வரிசையில் இருந்தான். திரும்பிப் பார்த்தால், ரோல்ஸ் சட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குள் போய்விட்டான்.

பிள்ளைக்குப் பங்குபற்றியதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஹரோ வீதியில் திரும்பும்போது சொன்னாள்: "அந்தப் பெடியன் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான் அப்பா. நான் அவனை ரோட்டில விட்டிட்டு வந்திட்டன்."

பின்சீற்றில் தம்பி கேட்டான்: "அதுக்குப் பிறகு அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?"

"அப்பாவைக் கேள். அவர்தான் மிளகு போட்டவர்."

கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது தம்பி. நீ உண்மையாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாய். பத்து வருடமாக நான் தேடிய இடம் அதுதான். மணி இல்லை, நடுவர் இல்லை, நாங்கள் நாலு பேரும்தான். நான் வாயைத் திறந்து, "சீற் பெல்ற்றைப் போடுங்கோ, முன்னுக்குப் பொலிஸ் நிக்குது" என்றேன். முன்னுக்கு ஒரு பொலிஸும் இல்லை. நீ வயரைத் திரும்பவும் காதில் செருகினாய்.

இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. மணி அடித்தவரை நான் ஒரு வருடம் திட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் மூன்று நிமிடம் தந்தார். கார் வீடு வந்து சேர இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

அடுத்தநாள் திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். அம்மாவுடைய ரோல்ஸ் சட்டி மண்டபத்தில் தவறிப்போய்விட்டது. அதை எடுத்துவரச் சொன்னா. மண்டபம் பூட்டியிருந்தது. பராமரிப்பாளர் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்று கதவில் எழுதியிருந்தது. காருக்குள் இருந்தேன். முன்சீற்றின் கீழே, பிள்ளை சுருட்டி எறிந்த பேச்சுத்தாள் கிடந்தது. நான் கையால் எழுதிக் கொடுத்தது. என் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் அவளுடைய ஆங்கில எழுத்து.

பேனையை எடுத்தேன். தமிழ்த்தாய் வணக்கத்தை வெட்டினேன். தலைவர், அதிபர், நடுவர், பெற்றோர் எல்லாரையும் வெட்டினேன். மிளகை வெட்டினேன். பிறகு கை மணிக்கூட்டைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, பிள்ளை பேசுகிற வேகத்தில் சத்தமாக வாசித்தேன். அரசன் பிறந்தான், ஏறினான், தோற்றான். மகனை நம்பிக்கையானவர்களின் கையில் கொடுத்து எல்லைக்கு அப்பால் அனுப்பினான். பிறகு ஒருவரும் கேட்காத வரிகள் வந்தன.

"வழியில் மகன் பிடிபட்டான் என்ற செய்தி, தானும் பிடிபட்டுப் போய்க்கொண்டிருந்த தகப்பனுக்குக் கிடைத்தது. அவன் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தான். தோள் முறிந்தது. பிறகு இருவரையும் கொன்றார்கள். அவன் மகனை அனுப்பியது பாரத்தைக் கழிப்பதற்கு அல்ல. தன்னோடு வைத்திருந்தால் தன்னோடு சேர்ந்து அழிந்துவிடுவான் என்ற பயத்தில்தான் அனுப்பினான்."

கடைசி இரண்டு வசனமும் அந்தப் புத்தகத்தில் இல்லை. அவை நான் எழுதியவை. தம்பி, உனக்காக எழுதியவை. ஏஜென்சிக்காரனுடைய இலக்கம் வேலை செய்யாத அந்தப் பத்தொன்பது நாளும் நான் எங்கேயிருந்தும் குதிக்கவில்லை. வேலைக்குப் போனேன். பெற்றோல் அடித்தவர்களுக்கு மிச்சக் காசு எண்ணிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. லீவு போட்டால் வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அது ஏலாமல் போனேன். அதை எந்தப் பேச்சிலும் எழுத எனக்குத் தெரியவில்லை.

மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நிமிடமும் நாற்பத்தெட்டு விநாடியும்.

பராமரிப்பாளருடைய வான் வந்து நின்றது. அவர் இறங்கிக் கதவைத் திறந்தார். நான் இறங்கவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மணிக்கூட்டைத் திரும்பக் கையில் கட்டிக்கொண்டு, தாளை மடியில் விரித்து, மகனை அனுப்புகிற இடத்திலிருந்து இன்னொரு முறை வாசித்தேன்.